உருகிப்போன எண்பது டன்

1994ஆம் ஆண்டு எங்கள் வீட்டிற்கு 165 லிட்டர் கொள்ளளவுள்ள குளிர்சாதனப் பெட்டி ஒன்று வந்தது. வந்த இரண்டாம் மாதம் மின் கட்டணம் உயர்ந்ததைக் கண்ட என் தாயார் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். இரவு பத்து மணிக்குப் பெட்டியை நிறுத்துவார். விடியற்காலையில் பால் வந்ததும் மீண்டும் இயக்குவார். கோடைக்காலத்தில் அரைத்து வைத்த மாவு பொங்கிப் புளித்துப்போகும். ஆயினும் இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த வழக்கத்தை அவர் கைவிடவில்லை. பகலில் யாரேனும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்து நின்றால் வசவு விழும்.

குளிர்சாதனப் பெட்டிக்கு நாம் செலுத்தும் மின் கட்டணம் உண்மையில் எதற்கான விலை? குளிரை உண்டாக்குவதற்கு என்றே பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். உள்ளே வைத்த பொருள் ஒருமுறை குளிர்ந்துவிட்டால், பிறகு பெரும்பாலான செலவு சுவர்களின் வழியே ஓயாமல் உள்ளே கசியும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கே ஆகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்ற வேலை அது. மின்சாரம் பரவாத காலத்துக் கதையொன்று இதைத் தெளிவாக விளக்கும்.

1833ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்னும் கப்பல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. ஏற்றியிருந்த சரக்கு, உறைந்த ஏரியில் வெட்டியெடுத்த 180 டன் பனிக்கட்டி. அனுப்பியவர் பிரெடெரிக் டூடர் என்னும் வணிகர். நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டம்பரில் கப்பல் கரைசேர்ந்தபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 100 டன். எண்பது டன் வழியிலேயே நீராகிப் போயிற்று. அந்த எண்பது டன்தான் குளிரைக் காத்துக் கொண்டுவந்ததற்கான கூலி. நம் மின் கட்டணத்தின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

டூடரின் வணிகம் வென்றதற்குப் பனியைவிட முக்கியமான காரணம் மரத்தூள். நியூ இங்கிலாந்துப் பகுதியின் மர அறுவை ஆலைகளில் வேண்டாப் பொருளாகக் குவிந்துகிடந்த அதனைப் பனிக்கட்டிகளுக்கு உறையாக்கினார்கள். உருகுவதை முற்றிலும் தடுக்க இயலாது, தாமதப்படுத்தலாம். இலாபமும் நட்டமும் அந்தத் தாமதத்தில் இருந்தன. சென்னைக் கடற்கரையில் 1842இல் டூடர் கட்டிய பனிக் கிடங்கும் அதே நோக்கில் எழுந்ததுதான். 1874இல் 'இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி' சென்னையில் தோன்றி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய பின் கப்பல் பனிக்கு வேலையில்லாமல் போயிற்று. கட்டடம் கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாகி, 1897இல் விவேகானந்தர் தங்கிய பெருமையையும் பெற்றது. இன்று அது விவேகானந்தர் இல்லம். 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் மட்டும் அப்பகுதியை விட்டுப் போகவில்லை.

குளிரை உண்டாக்கும் இயந்திரம் இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக்குள் நுழைந்தது. அதன்பின் உருகிய கணக்கு கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகிவிட்டது. தரையில் நீராக ஓடினால் எவரும் காண்பர். மின்மானியில் ஓடும் எண்ணைத் தனித்துப் பார்ப்பவர் யார்? இதன் விளைவை அமெரிக்காவில் காணலாம். 1947இல் அங்கே ஒரு புதிய பெட்டி சராசரியாக ஆண்டுக்கு 350 யூனிட் அளவில் மின்சாரம் கொண்டது. 1970களின் நடுவில் அது 1800 யூனிட்டாக வளர்ந்திருந்தது. பெட்டி பெரிதானதும், படியும் பனியைத் தானே உருக்கும் வசதி வந்ததும் காரணங்கள்தாம். ஆனால் விலையைக் குறைக்கவும் உள்ளிடத்தைப் பெருக்கவும் வெப்பக்காப்பைச் சுருக்கியதும், திறன் குறைந்த மோட்டார்களைப் பொருத்தியதும் சேர்ந்தே இந்த வீக்கம் நேர்ந்தது. கடையில் விலைச்சீட்டு தெரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கான மின் கட்டணம் தெரியவில்லை. டூடர் கற்ற மரத்தூள் பாடம் மறக்கப்பட்டது.

1973இன் எண்ணெய் நெருக்கடி அதை நினைவூட்டிற்று. 1976இல் கலிபோர்னியா மாநிலம் பெட்டிகளின் மின்நுகர்வுக்கு உச்சவரம்பு விதித்தது. 1987இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2001இன் விதிகளுக்குப் பின் சராசரிப் புதுப்பெட்டியின் நுகர்வு 500 யூனிட்டிற்கும் கீழே இறங்கியது. இதற்கிடையில் பெட்டி சிறுக்கவில்லை. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் விலையும் குறைந்தே இருந்தது. நல்ல நுரைக் காப்பும், சீரான கம்ப்ரஸரும், இறுக மூடும் கதவும் செய்த வேலை இது. இல்லத்தரசிகள் எவரும் இதற்காக இரவில் பெட்டியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பதைச் சொல்லும் நட்சத்திரச் சீட்டு வந்ததோ 2006இல்தான். அதுவும் முதலில் விருப்பத்தின் பேரில். பனி படியாத வகைப் பெட்டிகளுக்கு 2010இல் அது கட்டாயமாயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டு நம் வீடுகளில் அந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்கள் பெண்களே.

எங்கள் பழைய பெட்டியின் கணக்கை 2017இல் நான் பார்த்தேன். வீட்டார் வெளியூர் சென்றிருந்த ஒரு நாள் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு மின்மானியைக் குறித்துக்கொண்டேன். 1.4 யூனிட். இரண்டு மாதத்திற்கு 84. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்றாகியிருந்தது. அதில் பெரும்பங்கை இந்த ஒரு பெட்டியே தின்றுகொண்டிருந்தது. கதவோர ரப்பர் பட்டை வெடித்து, இடுக்கில் தாள் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இரவு நிறுத்தத்தால் கிட்டிய மிச்சமோ சொற்பம்; இரவெல்லாம் உள்ளே புகுந்த வெப்பத்தைக் காலையில் மொத்தமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. தாயார் காவல் காத்தது கதவை. களவு போனது சுவர் வழியாக.

அவ்வாண்டே புதிய பெட்டி வந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஆண்டுக்கு 170 யூனிட் என்று கண்டிருந்தது. இரண்டு மாதத்திற்கு 28 என்று வகுத்துச் சொன்னேன். தாயார் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த எண்ணைத் தாமே ஒருமுறை படித்தார்.

"இதை அப்பவே எழுதி ஒட்டியிருந்தா, இத்தனை வருஷம் நான் எதுக்குடா ராத்திரி ராத்திரி எழுந்து நிறுத்தப் போறேன்?" என்றார்.

அன்றிரவு பெட்டி நிற்காமல் ஓடிற்று. பழக்கத்தால் பத்து மணிக்கு எழுந்து வந்தவர், அதன் முன் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.