விசுக்காட்-ஆல்ட்ரிச் நோய்த்தொகையின் வரலாறு

விசுக்காட்-ஆல்ட்ரிச் நோய்த்தொகை என்பது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் அரிய மரபுவழி நோயெதிர்ப்புக் குறைபாடு ஆகும். 1937-இல் மியூனிக் நகரக் குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் விசுக்காட், ஒரே குடும்பத்தின் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் இரத்தக்கழிச்சல், கரப்பான், ஓயாத காதுச்சீழ் ஆகியவை இருந்தன. இரத்தத் தட்டணுக்களும் குறைந்திருந்தன. மூவரும் இறந்தனர். சகோதரிகளுக்கு நோய் இல்லை. கட்டுரைத் தலைப்பில் வெர்லாஃப் நோய் என்ற அக்காலப் பெயரைச் சூட்டிய விசுக்காட், அதன் முடிவில் ஒரு கேள்விக்குறியும் இட்டார். அது நியாயமான ஐயமே: வெர்லாஃப் நோய் இரத்தக்கசிவை விளக்கும், காதுச்சீழை விளக்காது.

1954-இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் ஆல்ட்ரிச், டச்சு வழிவந்த ஒரு குடும்பத்தின் ஆறு தலைமுறைகளை ஆராய்ந்தார். அக்குடும்பத்தின் 40 ஆண்களில் 16 பேர் இதே அறிகுறிகளுடன் இறந்திருந்தனர். நோய் எக்ஸ் நிறப்புரி வழியே, தாயிடமிருந்து மகனுக்குச் செல்வது இதனால் தெளிவானது.

காரண மரபணு 1994-இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதம் 502 அமினோ அமிலங்கள் கொண்டது. நோயின் பெயரையொட்டி 'வாஸ்ப்' எனப்படுகிறது. அதன் வேலை என்ன என்பது அடுத்த சில ஆண்டுகளில்தான் விளங்கியது. 1996-இல் சிடிசி42 என்ற சமிக்ஞைப் புரதத்துடன் அது இணைவது தெரிந்தது. 1999-இல், வாஸ்ப் குடும்பப் புரதங்கள் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டைத் தூண்டி, ஏற்கெனவே உள்ள ஆக்டின் இழையிலிருந்து புதிய இழை கிளைவிடச் செய்வது நிறுவப்பட்டது. வெள்ளணு ஊர்ந்து செல்லவும், கிருமியை விழுங்கவும், டி உயிரணு மற்றோர் உயிரணுவைப் பற்றி நிற்கவும் இக்கிளைகள் வேண்டும். வாஸ்ப் இரத்த வழி உயிரணுக்களில் மட்டும் உருவாவதால், தொற்றும் இரத்தக்கசிவும் ஒரே நோயில் சேர்ந்து வருகின்றன. ஆனால் தட்டணுக்கள் ஏன் இவ்வளவு சிறியவையாக உள்ளன என்பதற்கு ஆக்டின் விளக்கம் மட்டும் போதவில்லை.

புரதம் குறைந்தால்தான் கேடு என்பதில்லை. ஓயாமல் இயங்கும் வாஸ்ப் வேறொரு நோயை, நடுநிலைநாடி வெள்ளணுக் குறைவை, உண்டாக்குவது 2001-இல் அறியப்பட்டது.

சிகிச்சையில் 1968-இல் எலும்பு மச்சை மாற்றம் முதன்முதலில் முயலப்பட்டது. பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் இன்றும் அதுவே முதன்மை வழி. ஜெர்மனியில் நடந்த முதல் மரபணுச் சிகிச்சையில் நோய் தணிந்தது; ஆயினும் பயன்படுத்திய வைரசு புற்றுநோய் மரபணுக்களைத் தூண்டியதால் குழந்தைகள் பலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. பின்னர் லென்டிவைரசுகள் பயன்பாட்டுக்கு வந்தன.

2006-இல் விசுக்காட் விவரித்த அதே குடும்பத்தின் வழிவந்தோரிடம் சோதனை செய்யப்பட்டது. வாஸ்ப் மரபணுவில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன.