ஆஸ்பத்திரிக் கட்டிலும் வீட்டுக் கட்டிலும்

போன வருஷம் எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு ஜன்னல் கம்பியில் 34 நாள் ஒரு ட்ரிப் பாட்டில் தொங்கியது. என் பெரியக்காவுக்கு வயது 84. சர்க்கரைக்காரர். காலில் வந்த புண் எலும்பு வரை இறங்கிவிட்டது. ஆறு வாரம் நரம்பு வழியாக ஆண்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். "நம்மூட்டுக்கே போயிரலாம் தம்பி, இங்க தூக்கமே வரமாட்டேங்குது" என்று அக்கா நச்சரிக்க, டாக்டரும் சரி என்றார். கையில் ஒரு மெல்லிய நீளக் குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். தினமும் காலையில் நர்ஸ் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போவார்.

புண் ஆறியது. ஆனால் வீட்டில் ஆன செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபத்தை விட வெட்கமே அதிகம் வந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பழங்கதை.

நான் 30 வருஷத்துக்கு மேல் பொதுத்துறை ஜெனரல் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன். 1973 ஜனவரி 1 அன்று 107 தனியார் கம்பெனிகளை இணைத்து நான்கு அரசுக் கம்பெனிகள் ஆக்கினார்கள். அப்போது எங்கள் பிழைப்பெல்லாம் தீ, கப்பல் சரக்கு, மோட்டார் வண்டிதான். 1986ல்தான் 'மெடிக்ளெய்ம்' வந்தது. நம் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே வருஷம்.

அந்தப் பாலிசியின் அஸ்திவாரம் ஒரே ஒரு விதி: நோயாளி 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். டயாலிசிஸ், கீமோதெரபி மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த விதியில் நியாயமும் இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் அட்மிஷன் ரிஜிஸ்டர், கேஸ் ஷீட், பில் எல்லாம் இருக்கும், சரிபார்க்கலாம். வீட்டில் நடந்த வைத்தியத்துக்கு யார் சாட்சி?

வீட்டுச் சிகிச்சைக்கும் ஒரு பிரிவு இருந்தது. எங்கள் பாஷையில் 'டொமிசிலியரி'. மூன்று நாளுக்கு மேல் வீட்டில் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். அதோடு, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத நிலை இருக்க வேண்டும், அல்லது அங்கே படுக்கை கிடைக்காமல் போயிருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவாதம் இவற்றுக்குக் கிடையாது. அதாவது வயதானவர்களுக்கு வருகிற நோய் பாதிக்கு மேல் அவுட்!

இதற்கிடையே வைத்தியம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தால் புதுத் தொற்று வரும், வீடே மேல் என்று டாக்டர்களே அனுப்புகிறார்கள். பாலிசிதான் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. அமெரிக்காவிலேகூட, வீட்டில் மருந்து ஏற்றுகிற நர்ஸின் சேவைக்கென்று முதியோரின் மெடிகேர் திட்டம் நிரந்தரமாகத் தனியாகப் பணம் தரத் தொடங்கியது 2021 ஜனவரியில்தான்.

இங்கே கதவைத் தட்டித் திறந்தது கொரோனா. 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' பாலிசியில், டாக்டர் ஆலோசனைப்படி வீட்டிலேயே சிகிச்சை பெற்றால் 14 நாள் வரை செலவு உண்டு என்றார்கள். தினசரி கவனிப்புக் குறிப்பு எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. 'யார் சாட்சி' என்ற பழைய கேள்விக்கு ஒரு தாளில் பதில் கிடைத்துவிட்டது. பிறகு சில கம்பெனிகள் மற்ற நோய்களுக்கும் வீட்டுச் சிகிச்சையைச் சேர்த்தன. அரசாங்கமும் வாசலுக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரையும், வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளும் கொண்டுபோகிறது.

அக்காவின் பாலிசி பழையது. 'நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரக்கூடிய நிலையில் இருந்தார், எனவே டொமிசிலியரி பொருந்தாது' என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. நான் கேட்ட இடமே தப்பு. அதே பாலிசியில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரை அதே நோய்க்கான செலவைத் தருகிற பிரிவு இருக்கிறதே! டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மொத்தம் ஆறு வாரம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்தப் பிரிவைக் காட்டி மறுபடி எழுதினேன். மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் வந்தது. நர்ஸ் கூலி வரவில்லை.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். 1998 என்று நினைவு. குகையிலிருந்து ஒரு நெசவாளர், அம்மாவுக்கு வீட்டில் ட்ரிப் ஏற்றிய பில்லோடு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத அம்மா. இதே வாக்கியத்தைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். விதிப்படி சரிதான். ஆனால் '60 நாள் பிரிவில் கேளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. "சரிங்க சார்" என்று பில்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். பாலிசியில் வீட்டுச் சிகிச்சைப் பிரிவையும், டிஸ்சார்ஜுக்குப் பிந்திய நாள் கணக்கையும் இன்றே படியுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், என்ன மருந்து, எத்தனை நாள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். நர்ஸ் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அக்கா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.