ஒரே ஃபேடர் வழியாக இரண்டு பயணம்

1982 ஜனவரித் தொடக்கம். நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறை. தன் இசைக்குழுவினருக்குப் போட்டுக் காட்டத்தான் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். குரலுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று என இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகள். இரண்டும் போய்ச் சேர்ந்தது டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144-இல். மிக்ஸரையும் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி 1979-இல் வெளிவந்த கருவி அது.

குரலைப் பின்தொடர்வோம். மைக்கிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னமானது. ட்ரிம் குமிழ்தான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. குறைவாகத் திருகினால் டேப்பின் இரைச்சல் மேலோங்கும். கூடினால் குரல் உடையும். அடுத்து, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர். அதன்பின் பேன் குமிழ். பதிவு நேரத்தில் இந்தக் குமிழுக்கு இடது காது, வலது காது என்ற கணக்கே இல்லை. சிக்னல் எந்த டிராக்குக்குப் போகவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

பிறகு டேப். 3.81 மில்லிமீட்டர் அகல நாடா. சாதாரண டெக் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக்தான் எடுக்கும். இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டுகிறது. 60 நிமிடக் கேசட்டில் கிடைப்பது 15 நிமிடம்தான். ஹார்மோனிகாவை இன்னொரு டிராக்கில் சேர்க்கும்போது, பழைய டிராக்கைப் படிப்பதும் புதியதை எழுதுவதும் ஒரே ஹெட். தாளம் பிசகாததற்கு அதுவே காரணம்.

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ட்ரிம், ஃபேடர், பேன் எல்லாம் அடங்கிய வரிசைதான் சேனல். அதன் சுவிட்சை மைக்கிலிருந்து டேப்புக்கு மாற்றியதும், முதல் டிராக்கில் கிடந்த குரல் முதல் சேனலுக்குள் திரும்ப வருகிறது. அதே ஃபேடர், அதே பேன். ஆனால் இப்போது பேன் நிஜமாகவே இடம் வலம். சேனல் எண்ணும் டிராக் எண்ணும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். சேனல் வெறும் வழி. அதில் எது நடக்கிறது என்பது சுவிட்சைப் பொறுத்தது. மல்டிடிராக்கில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற குமிழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்ஸ்டீனின் நான்கு டிராக்குகளும் இரண்டாகச் சுருங்கி, எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எக்கோ கருவி வழியாக ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் இறங்கின. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் கேசட்டையே இசைத்தட்டாக்க முடிவானது. அதை லாக்கர் என்ற மூலத் தட்டில் வெட்டுவதற்குள் பொறியாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். 1982 செப்டம்பர் 30 அன்று ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக அது வெளியானது. கேசட்டில் குரலோடு கலந்துவிட்ட எக்கோவை அன்று பிரித்தெடுக்க வழியிருக்கவில்லை. தட்டிலும் அப்படியே பதிந்து வந்தது.