பெட்ரோல் பங்கில் நின்ற புலி



நேற்று வேலப்பன்சாவடியில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு நூம்பல் திரும்பும் வழியில் ஒரு பழைய ஞாபகம். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் எஸ்ஸோ பங்க் என்றாலே புலிதான். "உங்கள் டாங்கில் ஒரு புலியைப் போடுங்கள்" என்பது அவர்கள் விளம்பரம்.

ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முதலெழுத்துகளான எஸ், ஓ இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எஸ்ஸோ. 1964-இல் அமெரிக்காவில் இந்தப் புலி விளம்பரம் பெரிதாகக் கிளம்பியது. கார் டாங்க் மூடியில் தொங்கவிட புலிவால்கூட விற்றார்கள். காரணம் எளிது. ஒரு கம்பெனி பெட்ரோலுக்கும் இன்னொரு கம்பெனி பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. வேகமும் வலுவும் புலியைப் பார்த்ததும் தெரியும். அதுவும் கார்ட்டூன் புலி என்பதால் குழந்தைகளுக்குப் பயமில்லை. பர்மா ஷெல்லுக்குச் சிப்பி இருந்தது. ஆனால் சிப்பி ஓடாதே!

பங்கில் புலி சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் காட்டில் புலி குறைந்துகொண்டிருந்தது. பணம் கட்டிப் புலி சுட வெளிநாட்டார் வந்தார்கள். அன்று அது சட்டப்படி சரி. 1972-இல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் கிடைத்த கணக்கு 1,827. அந்த ஆண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அதுவரை தேசிய விலங்காக இருந்த சிங்கத்தின் இடம் புலிக்குப் போனது.

மறு ஆண்டு, 1974-இல், எஸ்ஸோவின் இந்தியத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய ஹிந்துஸ்தான் பெட்ரோலியம். பங்க் புலி விடைபெற்றது. அது எண்ணெய்க்காக நடந்த மாற்றம், புலிக்காக அல்ல. புலியின் முகத்தை வைத்து வியாபாரம் செய்த கம்பெனி, புலியைக் காப்பாற்ற ஒரு நிதி தொடங்கியது 1995-இல்தான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. "நம் தேசிய விலங்கு எது?" என்பதை வகுப்பில் ஒரு மார்க் கேள்வியாகத்தான் நடத்தினேன். சிங்கத்தை மாற்றிப் புலியை ஏன் வைத்தார்கள் என்று உங்களில் யாருக்கும் சொல்லவில்லை. அழிந்துவிடுமோ என்ற பயத்தில் வைத்தார்கள். அந்தப் பாடத்தை இன்று முடித்துவிட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

எஸ்ஸோ புலியைப் பார்த்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.