ரோடல் தேவாலயத்தின் கூரைக்குக் காசு வந்த வழி

ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்கை தீவு. அதன் வடமுனையில் ஊய்க் என்ற சின்னத் துறையிலிருந்து கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கடலில் ஆடிவிட்டு ஹாரிஸ் தீவின் டார்பர்ட் வந்து சேரலாம். தீவு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, லூயிஸ், ஹாரிஸ் இரண்டும் ஒரே நிலம்தான். நடுவே மலை குறுக்கிடுவதால் இரண்டு பெயர். வடபாதியான லூயிஸில் இருக்கும் ஸ்டோர்னோவே, நம்ம ஊர்ச் சுவடிகளையும் கைபீதுகளையும் தேடித்தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி பிறந்த ஊர். நான் கிளம்பியதே அதைப் பார்க்கத்தான். ரோடல் போனது, வந்த இடத்தில் ஒரு நாள் மிச்சம் இருந்ததால்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் ரோடல்தான் வருகிறது.

ஹாரிஸின் தென்கோடியில் கடலை ஒட்டி ஒரு பாறை மேடு. அதன் மேல் புனித கிளமென்ட் தேவாலயம். சிலுவை வடிவம், மேற்கே ஒரு சதுரக் கோபுரம். கோபுரம் நிற்கும் பாறை மற்ற பகுதியைவிட உயரம். கட்டியவர்கள் பாறையை வெட்டிச் சமப்படுத்தாமல் அது போன போக்கிலேயே போயிருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டுவதும் லேசில்லை. லூயிஸியன் நைஸ் என்று பெயர், ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று, வயது 300 கோடி ஆண்டு வரை போகிறது. நான் போன அன்று கதவு திறந்தே இருந்தது. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை, உள்ளே ஒருவரும் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

இதைக் கட்டியவர் மெக்லியட் குலத்தின் எட்டாவது தலைவர் அலஸ்டேர் க்ரோடஹ். க்ரோடஹ் என்றால் கேலிக் மொழியில் கூனன். போரில் முதுகில் பட்ட வெட்டினால் வந்த கூன் என்கிறார்கள். அதைப் பட்டப்பெயராகவே சூட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டைதான் அவருடைய இருப்பிடம். அப்படியிருக்க, தனக்குக் கல்லறையை ஹாரிஸில் கட்டிக்கொண்டார்.

உள்ளே தெற்குச் சுவரில் வளைவுக்குள் அந்தக் கல்லறை. லத்தீன் எழுத்தில் 1528 என்று ஆண்டு இருக்கிறது. அவர் இறந்தது 1547 வாக்கில். அதாவது கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடியே கல்லறையை முடித்து வைத்துவிட்டார். கருங்கல் போன்ற ஷிஸ்ட் கல்லில் கவசம் அணிந்து, வாளைப் பிடித்தபடி அவரே படுத்திருக்கிறார். கல்லில் கூன் கிடையாது!

பின்சுவரில் கட்டம் கட்டமாகச் சிற்பங்கள். குழந்தையோடு மரியாள், இரு பக்கமும் ஆயர்கள், ஒரு கோட்டை, வேட்டைக்குப் போகும் ஆட்கள், ஓர் ஆன்மாவைத் தராசில் நிறுத்தும் மிக்கேல், பக்கத்திலேயே தட்டைப் பார்த்துக்கொண்டு பிசாசு. எனக்கு அதிகம் பிடித்தது ஒரு கப்பல். பாய் விரித்து, துடுப்புத் துளைகள் வரிசையாக, கயிறுகள் வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள். பிர்லின் என்று பெயர். இந்தத் தீவுக் குலங்களின் பலமே இந்தக் கப்பல்கள்தான். ஆனால் ஒரு பிர்லின் கூட முழுசாக இன்று மிஞ்சவில்லை. அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தக் கல்லின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

கோபுரத்தின் வெளிச்சுவரில், நம் கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சி தராத ஒரு பெண் சிற்பமும் உண்டு. ஷீலா-ந-கிக் என்பார்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் விட்டுவிடுகிறேன்.

1560-இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை உதறியது. மரியாள், ஆயர், மிக்கேல் எல்லாம் வேண்டாதவை ஆகின. தேவாலயம் கைவிடப்பட்டுக் கூரை போனது. குலத்தாரைப் புதைக்கும் இடமாக மட்டும் தொடர்ந்தது. மெக்லியட்களின் கேலிக் கவிஞர் மேரி மெக்லியட்டும் இங்கேதான் புதைக்கப்பட்டார், அதுவும் முகம் தரையைப் பார்க்கும்படி, என்று ஊர்வழக்கு சொல்கிறது.

அப்புறம் 1784-இல் ஒருவர் வந்து இதைச் சீரமைத்தார். சீக்கிரமே தீப்பிடித்துக் கூரை எரிந்தது. மனுஷன் விடவில்லை, 1787-இல் மறுபடியும் கூரை போட்டார். பெயர் கேப்டன் அலெக்சாண்டர் மெக்லியட். அவர் இல்லையென்றால் அந்தச் சிற்பங்கள் மழையிலும் உப்புக் காற்றிலும் இன்னும் எத்தனை காலம் தாங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். யார் இந்தக் கேப்டன்? எதற்குக் கேப்டன்?

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலுக்கு! மான்ஸ்ஃபீல்ட் என்ற கப்பலின் தலைவர் அவர்.

இங்கே கொஞ்சம் கணக்கு பேச வேண்டும். கம்பெனிக் கப்பல் கேப்டனின் மாதச் சம்பளம் வெறும் 10 பவுண்டு. ஆனால் கப்பலில் சொந்தச் சரக்கு ஏற்றிக்கொள்ள அவருக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். போகும்போது ஐரோப்பியச் சாமான், வரும்போது கீழ்த்திசைத் துணியும் பட்டும் தேயிலையும். பயணிகளிடம் வாங்கும் காசும் அவருக்கே. ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு நின்றது. அதனால்தான் கேப்டன் பதவியையே விலை கொடுத்து வாங்கினார்கள். மூன்று நான்கு முறை உயிரோடு போய்த் திரும்பிவிட்டால் அப்புறம் நிலம் வாங்கிப் பண்ணையாராக உட்கார்ந்துவிடலாம்.

நம்ம கேப்டன் வாங்கியது ஒரு தீவையே. 1779-இல் 15,000 பவுண்டுக்கு ஹாரிஸ். கூடவே பெர்னரே, செயின்ட் கில்டா என்று அக்கம்பக்கத் தீவுகளும்.

விற்றவர் யார் என்பதுதான் என்னை இந்தக் குறிப்பை எழுத வைத்தது. குலத்தலைவர் நார்மன் மெக்லியட், கல்லில் படுத்திருக்கும் கூனரின் வழிவந்தவர். 1772-இல் தாத்தாவிடமிருந்து தலைமையோடு சுமார் 50,000 பவுண்டு கடனும் சேர்ந்து வந்தது. அடுத்த வருஷம் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் டன்வேகனுக்கு விருந்தாளிகளாக வந்தபோது சாப்பாடு போட்டவர் இவர்தான். அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. ஹாரிஸை விற்றும் கடன் அடையவில்லை. பட்டாளத்தில் பதவி வாங்கிக்கொண்டு அவரும் இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்.

வந்து சேர்ந்தது இரண்டாம் மைசூர்ப் போருக்கு நடுவில். 1780-இல் ஹைதர் அலி கணவாய் இறங்கி வந்து ஆற்காட்டுச் சீமையைச் சூறையாடிய அதே போர்தான். மேற்குக் கடற்கரையில் 1782 நவம்பர் 29 அன்று பொன்னானியில் திப்பு தாக்கியபோது எதிரே நின்ற கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் நார்மன் மெக்லியட். தாக்குதல் முறிந்தது. சில நாளில், டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூர்ப் பக்கம் ஹைதர் இறந்துபோக, திப்பு அவசரமாகக் கிழக்கே திரும்பினார். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த போர்தான். ஆனால் அதில் ஓர் ஆள் தாத்தா வைத்த கடனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அதே 1784-இல் ரோடலில் கூரை ஏறுகிறது.

இப்படிப் பார்த்தால், தீவை விற்றவரும் வாங்கியவரும் ஒரே குலம், இரண்டு பேருக்குமே இந்தியாதான் பிழைப்பு. கப்பலில் வந்தவர் சம்பாதித்தார். துப்பாக்கியோடு வந்தவருக்குக் கடன் தீரவே இல்லை. 1801-இல் சாகும்வரை கடனோடுதான் இருந்தார்.

கேப்டன் மோசமான ஜமீன்தார் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோடலில் துறை கட்டினார், மீன்பிடித் தொழிலைக் கொண்டுவந்தார், பள்ளிக்கூடம், சாலை, நூல் நூற்க ஆலை என்று நிறையச் செய்தார். தேவாலயத்துக்குள் தன் அப்பா டொனால்டுக்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்தார். அந்தக் கிழவர் 1745-இல் ஸ்டூவர்ட் இளவரசர் பக்கம் நின்று போரிட்டவர். 75 வயதில் மூன்றாவது கல்யாணம் செய்து ஒன்பது பிள்ளை பெற்றார் என்று மகனே கல்லில் எழுதி வைத்திருக்கிறார். படித்ததும் தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன், தேவாலயம் என்பதே மறந்துவிட்டது.

ஆனால் 1790-இல் கேப்டன் இறந்தார். ஒரு தீவு ஒருமுறை விலைக்கு வந்துவிட்டால் அடுத்தடுத்தும் வரும். 1834-இல் வாரிசு அதை டன்மோர் பிரபுவுக்கு விற்றார். 19-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையின் நல்ல புல்நிலத்திலிருந்து குடியானவர்களை விரட்டி ஆடு மேய்த்தார்கள். ஜனங்கள் கிழக்கே பாறைக்காட்டுக்குப் போனார்கள். கடற்பாசியையும் மண்ணையும் சுமந்து வந்து பாறை இடுக்கில் பாத்தி கட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். அந்தப் பாத்தி வரிகள் இன்றும் மலைச்சரிவில் தெரிகின்றன. அங்கே பிணம் புதைக்கக்கூட ஆழமான மண் கிடையாது. அதனால் இறந்தவர்களைத் தோளில் சுமந்து மலையைக் கடந்து மேற்குக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்தப் பாதைக்குச் சவப்பெட்டி வழி என்றே பெயர். உயிரோடு விரட்டப்பட்ட நிலத்துக்குச் செத்த பிறகு திரும்பினார்கள்.

தேவாலயத்தை 1873-இல் மறுபடியும் பழுதுபார்த்தவர் டன்மோர் சீமாட்டி கேத்தரின். ஹாரிஸ் ட்வீட் துணியை லண்டன் பணக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். அது தனிக்கதை.

திரும்பும்போது கிழக்குக் கரை ஒற்றைத்தடச் சாலையில் வந்தேன். வளைவுக்கு வளைவு அந்தக் கிழங்குப் பாத்திகள். காரை ஓரம் கட்டி ஒன்றின் பக்கத்தில் இறங்கி நின்று பார்த்தேன், அகலம் ஒரு ஆள் படுக்கும் அளவுதான் இருக்கும்.

மறுநாள் ஸ்டோர்னோவே போனேன். மெக்கன்சி பற்றி அடுத்த குறிப்பில்.