நிலவறையில் ஓடிய ரயில்களும் அவற்றை ஓட்டிய நண்பர்களும்

சின்ன வயதில் எனக்கு ஒரு பேட்டரி ரயில் வாங்கிக் கொடுத்தார்கள். வட்டமான பிளாஸ்டிக் தண்டவாளம், ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள். முதல் பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தேன். அடுத்த பத்து நிமிடம் பெட்டிக்குள் கட்டெறும்பை ஏற்றிப் பார்த்தேன். அதற்கப்புறம் ரயில் பரணுக்குப் போய்விட்டது. சுற்றிச் சுற்றி வருகிற ரயில் எங்கேயும் போகவில்லை என்பது குழந்தைக்கே புரிந்துவிடுகிறது!

இதே அலுப்பு அமெரிக்காவில் வளர்ந்த ஆட்களுக்கும் வந்தது. அங்கே மாடல் ரயில் என்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை முழுக்க மலை, ஆறு, பாலம், ஊர் என்று கட்டி அதில் ரயில் விடுவார்கள். அதிகம் பேர் பயன்படுத்தும் அளவுக்கு ஹெச்.ஓ. என்று பெயர், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. பத்து, இருபது வருஷம் உழைத்துக் கட்டுகிறார்கள். கட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால்? மறுபடியும் அதே சுற்று. இந்த அலுப்புக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் 'ஆப்பரேட்டிங் செஷன்'.

விஷயம் ரொம்ப எளிது. ரயிலைப் பொம்மையாக ஓட்டாமல் ரயில்வேயாக ஓட்டுவது. கால அட்டவணை உண்டு. ஒருவர் டிஸ்பாட்சர், நம்மூரில் செக்‌ஷன் கண்ட்ரோலர் என்போமே, அவர். இன்னொருவர் யார்டு மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு ரயிலுக்கு டிரைவர். சுவரில் வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று. நான்கு மடங்கு வேகம் வைத்தால் நம் பதினைந்து நிமிடம் அங்கே ஒரு மணி நேரம். பல வீடுகளில் டிஸ்பாட்சர் தனி அறையில் உட்கார்ந்திருப்பார், ரயில்கள் அவர் கண்ணுக்கே தெரியாது. டெலிபோனில் வரும் குரலை நம்பித்தான் உத்தரவு கொடுப்பார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்களுக்கு அவர் வழி விட்டுவிட்டால் மூக்கோடு மூக்கு! இதற்கு அமெரிக்க ரயில்வேயில் 'சோளக்காட்டுச் சந்திப்பு' என்றே கேலியாக ஒரு பெயர் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இதைத் தனியாக விளையாட முடியாது. வட்டத்தில் ரயில் விட ஒருவர் போதும். அட்டவணைப்படி ஓட்ட ஐந்து பேராவது வேண்டும், பெரிய லேஅவுட் என்றால் பத்துப் பதினைந்து பேர். அதனால் நிலவறையில் தனியாகப் பசையும் பெயின்டுமாகக் கிடந்த மனிதர் மற்றவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டே தீர வேண்டியதாயிற்று.

இந்த யோசனையை எழுத்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஃபிராங்க் எலிசன். நாடக மேடைப் பின்னணி உள்ளவர். தன் 'டெல்டா லைன்ஸ்' ரயில்பாதையை வைத்து 1944-ல் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் ஒரு தொடர் எழுதினார். லேஅவுட்தான் மேடை, ரயில்கள்தான் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்பது அவர் கட்சி. 1961-ல் டக் ஸ்மித் என்பவர் அதே பத்திரிகையில் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை என்ற முறையை எழுதினார். இந்த வேகன் எங்கே போக வேண்டும், என்ன சரக்கு என்று அட்டை சொல்லும், நீங்கள் ஷண்டிங் செய்து கொண்டுபோய் விட வேண்டும். நிஜ ரயில்வேயின் குமாஸ்தா வேலையைச் சம்பளம் இல்லாமல், விடுமுறை நாளில், சந்தோஷமாகச் செய்கிறார்கள் (எங்கள் வகுப்பில் ரெக்கார்டு நோட் எழுத அழுகிறவர்கள் கவனிக்க).

நட்பை இதைவிட ஒருபடி மேலே கொண்டுபோனவர்களும் உண்டு. ஒஹையோ மாநிலம் டேட்டனில் ஆலன் மெக்லெலண்ட் 1958-ல் 'வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ' என்ற கற்பனை ரயில்வேயைத் தொடங்கினார். அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி ஏற்றும் பாதை. நிலவறைச் சுவரோடு ரயில்வே முடிந்துவிடுவதில்லை, அதற்கு அப்பாலும் நாடு முழுக்கப் பாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டு என்பது அவர் கொள்கை. அதைப் பிடித்துக்கொண்டார் நியூ ஜெர்சியில் இருந்த அவர் நண்பர் டோனி கோஸ்டர். தன் 'அலெகெனி மிட்லண்ட்' பாதையைக் கற்பனை வரைபடத்தில் நண்பனின் பாதையோடு இணைத்துவிட்டார்! இரண்டு வீட்டுக்கும் நடுவில் பென்சில்வேனியா மாநிலமே கிடக்கிறது. ஆனாலும் இவர் பெயின்ட் அடித்த எஞ்சின் அவர் வீட்டில் ஓடும், அவர் வேகன் இவர் யார்டில் நிற்கும். இரண்டு பேர் கற்பனை ஒன்றோடொன்று தண்டவாளம் போட்டுக்கொண்டது எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பிடித்த இடங்களில் ஒன்று.

இன்னொரு இடம் ஜான் ஆலனுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஜான் ஆலன் (1913-1973) தொழிலால் புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வீடு. அவர் ரயில்வேயின் பெயர் எழுத்தில் ஏதோ பிரெஞ்சுப் பெயர் மாதிரி கௌரவமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் குறும்பு தெரியும்: 'கோரி அண்ட் டிஃபீட்டட்', அதாவது ரத்தக்களரியாகித் தோற்றுப்போனது. தரையிலிருந்து கூரை வரை மலை எழுப்பினார். எஞ்சினும் வேகனும் கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருக்கக்கூடாது, துருவும் கரியும் படிந்திருக்க வேண்டும் என்று காட்டியவர்களில் முன்னோடி. எம்மா என்று ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை, 13 என்ற எண்ணோடு, ஷண்டிங் எஞ்சினுக்குப் பதிலாக வேலைக்கு வைத்திருந்தார். முதன்முதலில் கட்டிய, ஒரு மேஜை அளவே இருந்த லேஅவுட்டைத் தூக்கிப் போடாமல் கடைசியாகக் கட்டிய பெரிய பாதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்.

அவர் எடுத்த படங்களைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. ஆனால் அது வெறும் காட்சிப் பொருள் இல்லை, நண்பர் குழு ஒன்று வழக்கமாகக் கூடி அட்டவணை வைத்து ஓட்டிய பாதை. படம் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது மலையும் பாலமும். அந்தச் சிலருக்கோ எந்த ஏற்றத்தில் எஞ்சின் திணறும், எந்த ஊரில் ஷண்டிங் தலைவலி என்று கைக்குப் பழகிய இடம்.

1973 ஜனவரி 6-ஆம் தேதி மாரடைப்பில் ஜான் ஆலன் இறந்தார். பத்து நாள் கழித்து அந்த வீட்டில் தீ. லேஅவுட்டின் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்ததையும் மீட்க முடியவில்லை. பத்தே நாளில் நண்பனும் இல்லை, நண்பனை நினைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு அவன் ரயிலும் இல்லை. பிறகு 'மாடல் ரெயில்ரோடர்' ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், ஜான் ஆலனைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். அது அச்சாகி வந்தது 1981-ல். வெஸ்ட்காட் 1980-லேயே காலமாகிவிட்டார்.

ஜான் ஆலன் விட்டுப்போனதில் தீ தொட முடியாத ஒன்று இருக்கிறது. 'டைம்சேவர்' என்ற ஷண்டிங் புதிர். ஒரு பலகையளவு இடம், ஐந்து பாயிண்ட், ஐந்து வேகன், ஒரு எஞ்சின். ஒவ்வொரு வேகனையும் அதற்குரிய இடத்தில் சீக்கிரம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கேட்டால் சுலபம். ஆனால் சைடிங்குகள் அத்தனை குட்டை, ஒரு வேகனை உள்ளே தள்ள வேண்டுமென்றால் முதலில் வேறு இரண்டை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். யார் முதலில் முடிப்பது என்று நண்பர்களுக்குள் போட்டி வைப்பதற்கென்றே செய்தது. அவர் இறப்பதற்குச் சில வாரம் முன்பு, 1972 நவம்பர் இதழில் வந்தது.

போன வருஷம் ஹாஸ்டலில் இதைச் சார்ட் பேப்பரில் வரைந்து, தீப்பெட்டிகளை வேகனாக்கி விளையாடினோம். மாடல் ரயில் வாங்க எங்களிடம் ஏது காசு! முதலில் நானும் ரூம்மேட்டும்தான். இரண்டாம் நாள் பக்கத்து அறை ஆட்களும் வந்துவிட்டார்கள், ஒருவன் செல்போனில் நேரம் பார்க்க, ஒருவன் நகர்த்தல்களை எண்ண. ஒரு செமஸ்டர் முழுக்க என்னிடம் பேசாமல் இருந்த ஒருத்தன், "டேய், அந்தப் பச்சைப் பெட்டியை முதல்ல வெளிய எடுடா" என்று பின்னாலிருந்து கத்தினான். எடுத்தேன். அவன் சொன்னதுதான் சரி.

அவனுக்கு இப்போது பெங்களூரில் வேலை. சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பச்சைத் தீப்பெட்டி மட்டும் அவனோடு போய்விட்டது.