வார்டனின் கையெழுத்து

1897 ஜனவரி, பம்பாயில் பிளேக். ஹாஃப்கின் தன் தடுப்பூசியைத் தன் உடலில் போட்டுப் பார்த்தபின் பைகுல்லா சிறைக்குப் போனார். கைதிகள் தாமாக முன்வந்தார்கள் என்பது வரலாறு. பூட்டிய கதவுக்குள் கொள்ளைநோய் பரவும்போது 'தாமாக' என்பதற்கு என்ன பொருள்? ஊசி பலரைக் காத்தது, கேள்வி தீரவில்லை.

விடுதிக்கும் பூட்டு உண்டு. அணைக்கட்டுக்காரி நான், விடுதியில் படித்தவள். என் படிவங்களில் வார்டன்தான் கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குத் தெரியாது. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவிகள். விசாரணைக் குழு பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் வார்டன்களின் கையெழுத்து. 1,948இல் கைரேகை. அவர்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

என் அம்மாவும் ரேகை வைப்பவள்தான்.